அண்ணாவின் பேணியில் ஒரு நட்சத்திரம்

கண்ணாடியில் முகம் பார்ப்பதை விட்டுவிட்ட வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

வெள்ளவத்தையில் நான் இருக்கும் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பெட்டை இருக்கிறாள். பதினாறு வயது. என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள்; ஆச்சி என்றால் எனக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும். போன கிழமை நாடியில் ஒரு பரு வந்துவிட்டதென்று தோல் டொக்டரிடம் போய், மூன்று ரியூப்பும் ஒரு சின்னப் போத்தலும் வாங்கிவந்து காட்டினாள். "இது காலமை, இது பின்னேரம். எண்ணெய் மட்டும் முகத்திலை படக்கூடாதாம் அன்ரி" என்றாள்.

படக்கூடாதாம்! எழும்பிக் குசினிக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். பிள்ளை பயந்துபோய், "என்ன அன்ரி, பிரஷரோ?" என்றாள். ஓம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்னத்தைச் சொல்ல?

எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளைக்காரன் இருந்த காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. துறைமுகப் பக்கமிருந்து கரிப்புகை வரும். காற்று மாறினால் கருவாட்டு மணம் வரும். மாதாகோயில் மணி அடித்தால் அம்மா அடுப்பில் உலை வைப்பார். ஐயா ரயில்வேயில் கிளாக்கர், தெமட்டகொடைக்குச் சைக்கிளில் போய் வருவார். அண்ணாவுக்குப் பதினேழு வயது. அந்த வருஷக் கடைசியில் லண்டன் மெட்ரிக்குலேஷன் சோதனை எடுக்க இருந்தார். வீட்டில் எல்லாமே அந்தச் சோதனையைச் சுற்றித்தான். மீனில் நடுத்துண்டு அண்ணாவுக்கு. நல்ல விளக்கு அண்ணாவுக்கு. எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அண்ணாவின் முகத்தில் பரு வந்தபோது முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. மாம்பழம் கனக்கத் தின்றவன், சூடு என்று சொல்லிச் சனிக்கிழமைகளில் அம்மா நல்லெண்ணெய் தேய்த்து முழுகவார்த்தார். பரு கூடியது. கன்னத்தில் இருந்தது தாடைக்கு இறங்கி, காதடியில் பெரிய பெரிய கட்டிகளாகச் சிவந்து நின்றது. பள்ளிக்கூடத்தில், அந்த முண்டு முண்டான பழத்தின் பேரால், அன்னமுன்னா என்று பட்டம் வைத்தார்களாம். நானும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுக் குட்டு வாங்கினேன்.

அப்போதுதான் பெரிய மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் மூத்த தமையன், பென்ஷன்காரர். ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கந்தோரில் முப்பது வருஷம் நோயாளர் பேர் இடாப்பு எழுதினவர். தான் பாதி டொக்டர் என்று தானே சொல்லிக்கொள்வார். மற்றப் பாதியும் அவரே என்று அம்மா நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவை ஜன்னலடிக்குக் கூப்பிட்டு நாடியை நிமிர்த்திப் பார்த்தார். காதுச் சோணையை இழுத்துப் பார்த்தார்.

"தொட்டால் தெரியுதோ?"

"கொஞ்சம் விறைச்சமாதிரிக் கிடக்குது மாமா" என்றார் அண்ணா. வீங்கின இடம் விறைக்காமல் என்ன செய்யும்? ஆனால் மாமா கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். துடைத்துவிட்டு இரண்டாந்தரமும் கழுவினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு குசினிக்குள் மாமாவும் அம்மாவும் கதைத்ததை அம்மிக்குப் பின்னால் இருந்து நான் கேட்டேன்.

"பிள்ளை, மனதைத் திடப்படுத்திக்கொள். இது பருவில்லை. ஆத்துக்கு அங்காலை வைச்சிருக்கினமே, அந்த வருத்தம்."

"ஐயோ அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்!"

"சத்தம் போடாதை. காதுச் சோணையிலைதான் அது தொடங்கும். தொட்டால் உணர்ச்சி இராது. நான் எத்தினை பேரைக் கண்டிருப்பன்!"

"அப்ப டொக்டரிட்டைக் காட்டுவமே?"

"விசரே உனக்கு? டொக்டர் கண்டால் மேலுக்கு எழுதிப் போடவேணும், அது சட்டம். அடுத்த நாள் வண்டி வந்து வாசலிலை நிக்கும். பிறகு பெடியனைக் கண்ணாலையும் காணமாட்டாய். இந்தப் பெட்டையையும் ஒருத்தன் கட்டமாட்டான்."

இந்தப் பெட்டை என்றது என்னை. களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குட்டநோய்க்காரரை அடைத்துவைக்கும் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்தத் திசையைக் கையால் காட்டவே எங்களை விடமாட்டார்கள். ஆனால் பருவுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம், அண்ணாவைக் கொண்டுபோனால் என்னை ஏன் கட்டமாட்டார்கள், எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. வண்டி வரும் என்பது மட்டும் விளங்கியது. ஒழுங்கைக்குள் சில்லுச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் படலைக் கொளுக்கியைப் போடுவேன். பாண்காரனுடைய கைவண்டியையும் ஒருநாள் உள்ளே விடவில்லை.

வயிற்றுக் கோளாறு என்று ஐயா பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினார். அண்ணாவைப் பின் அறைக்கு மாற்றினார்கள். கண்ணாடியை அம்மா எடுத்து ஒளித்துவைத்தார். தனிப் பாய், தனித் துவாய், தனிக் கோப்பை. பிறகு பேணி.

மூக்குப்பேணி தெரியாதவர்கள் உங்களில் இருக்கமாட்டீர்கள். பித்தளையில், பக்கத்தில் ஒரு மூக்கு வைத்தது. வாயில் முட்டாமல் மேலே பிடித்து ஊற்றிக் குடிப்பது. எங்கள் வீட்டில் ஏழு இருந்தன, ஏழும் ஒரே அச்சு. எது அண்ணாவுடையது என்று தெரியவேண்டுமாம். ஒரு பின்னேரம் அம்மா ஒரு பேணியையும் ஒரு ஆணியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினார். ஒரு கோடு இழுத்தார். ஆணி சறுக்கியது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீ கீறு. பார்த்தவுடனை தெரியவேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாயே முட்டாத பேணிக்கு அடையாளம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறைதான் விழுந்திருக்கும். எனக்கு அப்போது வந்தது பெருமை. கணக்குச் சரியென்றால் எங்கள் ரீச்சர் கொப்பியில் ஒரு நட்சத்திரம் போடுவார். கையெடுக்காமல் ஒரே இழுப்பில் ஐந்து முனை. அதைப் போட எனக்குத் தெரியும். கோடு சறுக்கின இடத்தையும் உள்ளே வைத்து, மூக்குக்குக் கீழே, வடிவாக, ஆழமாக, திரும்பத் திரும்ப ஆணியால் இழுத்து ஒரு நட்சத்திரம் கீறினேன். பொழுது படும்வரை இருந்தேன். புளி போட்டு மினுக்கியும் வைத்தேன். அண்ணாவுக்கு மட்டும் நட்சத்திரப் பேணி, எனக்கு வெறும் பேணி என்று எரிச்சலும் வந்தது. விசர்ப் பெட்டை.

மருந்துக்கு மாமா சொன்னது நீரடிமுத்து எண்ணெய். அந்த வருத்தத்துக்கு அதுதான் மருந்து என்று அவர் இடாப்பில் கண்டிருக்கிறாராம். அம்மாவும் நானும் ட்ராமில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், மருந்துச் சரக்குக் கடை ஒன்றில் கேட்டோம். கடைக்காரர் தொப்பி போட்ட வயதான முஸ்லிம் மனுஷன். சாக்குகளுக்கு நடுவே இருந்து அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது ஆருக்கு உம்மா?"

"மாட்டுப் புண்ணுக்கு."

"எங்க மாடு?"

"கொட்டாஞ்சேனையிலை."

"கொட்டாஞ்சேனைல மாடா!" என்று சொல்லிக்கொண்டே போத்தலை நிரப்பினார். தக்கையை இறுக்கித் தரும்போது, "மனிசர்ட முகத்துல மட்டும் பூசிராதீங்க. பொங்கிரும்" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வாங்கிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ட்ராமில் இடமிருந்தும் உட்காரவில்லை. நாங்கள் மாடு வளர்க்கவில்லையே என்று நான் கேட்டதற்குத் தொடையில் ஒரு நுள்ளு கிடைத்தது.

காலையும் மாலையும் அந்த எண்ணெயைப் பூசினார்கள். மூக்கைப் பிடிக்கவேண்டிய நாற்றம். கடைக்காரர் சொன்னபடியே பொங்கியது. நெற்றி, கழுத்து, முதுகு என்று எங்கும் கட்டி. அண்ணாவின் முகம் எனக்கே அடையாளம் தெரியாமல் போனது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்தியே பிள்ளை, நான் சொன்னது சரி. வருத்தம் முத்துது" என்றார். அடுத்த கிழமை வந்து, "உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் வெளியிலை வருது. மருந்து வேலை செய்யுது" என்றார். வருத்தம் முத்துதா, மருந்து வேலை செய்யுதா? ஐயாவிடம் போய்க் கேட்டேன். ஐயா பத்திரிகையை இறக்கி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பவும் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அண்ணாவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பின் அறையில் இருந்து சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பிக்குள்ளால் எனக்குக் கணக்கும் சொல்லித்தருவார். ஒருநாள் கேட்டார்.

"எனக்கு என்ன வருத்தமாமடி?"

"தெரியாது. டொக்டருக்குத் தெரிஞ்சால் வண்டி வருமாம்."

"என்ன வண்டி?"

"ஆத்துக்கு அங்காலை கொண்டுபோற வண்டி."

அண்ணா கொப்பியை மூடினார். அன்று மிச்சக் கணக்குச் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பொறுக்கமுடியவில்லை. தொட்டால் உணர்ச்சி இராது என்று மாமா சொன்னாரே, அதைப் பார்த்தால் என்ன? ஒரு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பின் அறைக்குள் போனேன். அண்ணா புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடி நித்திரை. என் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, காதடியில் இருந்த பெரிய கட்டியில் ஒரே குத்து.

"ஆ! ஐயோ! என்னடி செய்யிறாய், விசரி!"

துள்ளியெழும்பிய அண்ணாவைப் பார்த்து நான் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு, கலியாணத்தன்றுகூட, வந்ததில்லை. குதித்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மா! அண்ணாவுக்கு நோகுது! அண்ணாவுக்கு நல்லா நோகுது!"

அம்மா எழும்பினார். என் கையில் இருந்த ஊசியையும் அதில் இருந்த இரத்தத்தையும் பார்த்தார். "தொட்டனியே? அவனைத் தொட்டனியே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், தோல் உரியும் வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். நான் நோகுது நோகுது என்று கத்திக்கொண்டே இருந்தேன். அம்மா நான் என்னைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த வீட்டில் மாமா சொன்ன முறைப்படி சோதித்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான். விடையும் சரி. ஆனால் நட்சத்திரம் கிடைக்கவில்லை.

சோதனை வந்தது, போனது. சோதனை நடந்த நாட்களில் அண்ணா அறைக்குள் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு மேசையில் இருந்ததைக் கண்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை, கழிவுநீர்க் கானும் கக்கூசும் பார்க்கும் சனிட்டரி இன்ஸ்பெக்டர் ஒழுங்கைக்குள் வந்தார். காக்கிக் கோட்டு, பெரிய தொப்பி, கக்கத்தில் ஒரு புத்தகம். ஐயா வேலைக்குப் போய்விட்டார். மாமா முன்னுக்கிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கண்டதுதான் தாமதம், பேணியை வைத்துவிட்டுப் பின் படலையால் போய்விட்டார். பாதி டொக்டர்!

பின் அறை ஜன்னலுக்குக் கீழேதான் கான் ஓடியது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் நடக்க, அம்மா ஓடிப்போய் அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை மாத்தயா. ஒருத்தரும் இல்லை."

அந்த மனுஷன் ஆள் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அவர் திகைத்துப் பார்க்க, உள்ளே இருந்து கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணா வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நீளக் கால்சட்டை, கையில் தகரப் பெட்டி. முகமெல்லாம் எண்ணெய்.

"அம்மாவை ஒண்டும் செய்யாதையுங்கோ. நான்தான். வண்டி எங்கை நிக்குது?"

"வண்டி? என்ன வண்டி?" என்றார் இன்ஸ்பெக்டர். சிங்களவர், கொச்சைத் தமிழ். கிட்ட வந்து அண்ணாவின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். நான் அவர் கையைக் கடிக்கத் தயாராக நின்றேன். விரலில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மே மொன தெல்த, மல்லி? என்ன எண்ணெய் இது, தம்பி?"

பிறகு தொப்பியைக் கழற்றினார். அவருடைய கன்னம் இரண்டும் கொத்தின அம்மி மாதிரி, குழி குழியாக இருந்தது.

"எனக்கும் இப்பிடித்தான். மூணு வருசம். குருலே" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா விளங்காமல் நிற்க, தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். "பரு அம்மே, பரு! பய வென்ன எபா, பயப்பட வேணாம். எண்ணெய் வேணாம். சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. டிஸ்பென்சரில மருந்து தருவாங்க."

அம்மா நின்ற இடத்திலேயே இருந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு சத்தமும் வந்தது. அண்ணா பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். இன்ஸ்பெக்டர் கான் அடைத்திருக்கிறதென்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி கந்தகக் களிம்பு கொடுத்து, இருபத்திரண்டு வயதில் தானாகப் போகும் என்றாராம். போனது. குழிகள் மட்டும் நின்றன. மெட்ரிக்குலேஷனை அடுத்த வருஷம் எடுத்துப் பாஸ் பண்ணினார். அம்மா பேணிகள் ஏழையும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து ஒன்றாக அடுக்கினார். நட்சத்திரப் பேணியை மட்டும் எடுத்தெடுத்துத் தேய்த்தார். நான் அல்லவோ கீறினேன், அது எங்கே போகும்! அடுத்த ஞாயிறு மாமா வந்து, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு அந்தப் பேணியில் தேத்தண்ணி போனது. கவனிக்காமல் குடித்து முடித்தார். அண்ணா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அண்ணா அம்மாவின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. சண்டை போட்டதில்லை. காசு அனுப்பினார், வருத்தம் என்றால் வந்து பார்த்தார். அம்மா பேணியை நீட்டினால், "இப்பத்தான் குடிச்சனான்" என்பார். நாற்பது வருஷமாக எப்போதும் இப்போதுதான் குடித்திருந்தார். அம்மா ஒருதரம், "ஏன்ரி அவன் என்ர கையாலை ஒண்டும் குடிக்கிறானில்லை?" என்று என்னைக் கேட்டார். சலரோகம், சீனி கூடாதாக்கும் என்றேன். அந்தப் பேணிகள் எங்கே போயின என்றும் தெரியவில்லை. வீடு மாறினபோது பழைய பித்தளையோடு போயிருக்கும்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்து சனம் எல்லாம் போனபிறகு, விறாந்தையில் அண்ணாவும் நானும் இருந்தோம். அவராகவே தொடங்கினார்.

"பயத்திலை தள்ளிவைச்சது எனக்கு விளங்குது. பேணிக்குக் குறி போட்டதும் விளங்குது. ஒரு கீறல் கீறியிருக்கலாம். அதை ஆறஅமர இருந்து, வடிவா, நட்சத்திரமாக் கீறியிருக்கிறா பார். என்ன மனம் வந்தது அவவுக்கு? அதைத்தான் என்னாலை மறக்கமுடியேல்லை."

சொல்லியிருக்கவேண்டும். அண்ணா, அது நான், ஒன்பது வயசுப் பெட்டை, உங்களுக்குப் பரிசென்று நினைத்துக் கீறினேன், அம்மாவுக்கு ஒரு கோடுகூட நேரே இழுக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் திறந்தால் இரண்டு வசனம். அம்மா மண்ணாய்ப் போய் ஒரு மாதம்; இனிச் சொல்லி என்ன என்று இருந்ததா? இல்லை, என் கையாலும் குடிக்கமாட்டார் என்று பயந்தேனா? எனக்குக் குழம்புகிறது. அம்மாவும் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு சொல் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன வருஷம் அண்ணாவும் போய்ச் சேர்ந்தார். அதற்கு ஒரு மாதம் முந்தி வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் செய்வதுபோல, குடிக்கமுதல் கிளாசை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். தான் அப்படிப் பார்ப்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கிளாசில் ஒன்றும் இல்லை. ஒரு மிடறு குடித்தார். அம்மாவின் படம் எங்கள் இருவருக்கும் நடுவே சுவரில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"சீனி காணுமோ அண்ணா, இன்னும் போடட்டோ?"

"காணும்" என்றார்.